கலர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால்

தண்டையார்பேட்டையில் எந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் மலை கண்ணில் படாது. கிழக்கே கடல், தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள், வடக்கே மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். ஆனாலும் இங்கே ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஓலைக் குடிசை, ஒரு தென்னை மரம், ஆகாயத்தில் நாலு பறவை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த மலையை அவர்கள் எங்கோ கற்றிருக்கிறார்கள். அண்ணனின் நோட்டு, பக்கத்து வீட்டு அக்கா, போட்டியில் பரிசு வாங்கிய படம் என்று கைமாறிக் கைமாறி வந்தது அது. ஆக, சொல்லித் தராமல் விட்டால் பிள்ளை சுதந்திரமாக வரையும் என்று நாம் நினைப்பது சரியில்லை. பிள்ளை ஏற்கெனவே ஒரு பள்ளியில்தான் படித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பள்ளியில் வாத்தியாரும் இல்லை, இரண்டாம் பாடமும் இல்லை. அதனால்தான் பதினோரு வயதில் அதே பிள்ளை, "எனக்கு வரைய வராது சார்" என்று பென்சிலைக் கீழே வைக்கிறது.

இந்த இடத்தில்தான் பழைய பட்டறை முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டறை என்றதும் நம் மனதில் லேத்தும் வெல்டிங்கும் வரும். ஓவியமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. குரு ஒருவர், அவரைச் சுற்றி வெவ்வேறு வயதில் நாலைந்து பேர், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு வேலை. சின்னவன் தண்ணீர் எடுத்து வைப்பான், அடுத்தவன் நிறம் அரைப்பான், அவனுக்கு மூத்தவன் துணி மடிப்பையும் மரத்தையும் போடுவான், முகத்தைக் குரு போடுவார். தனியாகப் பாடவேளை கிடையாது. வேலையின் வரிசைதான் பாடம்.

அந்த வரிசையை எழுதி வைத்தவர்களில் ஒருவர் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர். 1400-ஐ ஒட்டி எழுதினார். அவருடைய கணக்கில் ஒருவன் ஓவியனாக 13 ஆண்டு ஆகும். முதல் ஓராண்டு ஒரு சிறு பலகையில் கோடு போட மட்டும். அடுத்த ஆறாண்டு நிறம் அரைப்பது, பசை காய்ச்சுவது, பலகைக்கு மாவுப் பூச்சுக் கொடுப்பது. அதற்கப்புறம் ஆறாண்டு வண்ணம் தீட்டவும், பொன் ஒட்டவும், சுவரில் வரையவும். இத்தனைக்கும் நடுவே விடுமுறை நாள், வேலை நாள் என்று பார்க்காமல் தினமும் கோடு போட வேண்டும்.

அந்த முதலாண்டுப் பலகையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கோழியின் தொடை எலும்பையும் இறக்கை எலும்பையும் வெள்ளை வெளேரென்று சாம்பலாகும் வரை சுட வேண்டும். அதை நைசாக அரைத்து, எச்சிலில் குழைத்துப் பலகையில் மெல்லப் பூச வேண்டும். காய்ந்ததும் வெள்ளி முனை வைத்த கோலால் அதில் வரைய வேண்டும். கோடு மங்கலாக விழும், எவ்வளவு அழுத்தினாலும் கறுக்காது. மறுபடி சாம்பல் பூசினால் பலகை புதிதாகிவிடும். இதைப் படித்தபோது எனக்கு நம் சிலேட்டு ஞாபகம் வந்தது. பிள்ளை தொடக்கத்தில் போடும் கோடுகள் எதையும் காப்பாற்றி வைக்க வேண்டியதில்லை, ஃபிரேம் போட வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதில்லை. போடு, துடை, மறுபடி போடு. அப்படிப் பழகிய கை எதுவரை போகும் என்பதற்கு ஆல்பிரெக்ட் டியூரர் சாட்சி. பொற்கொல்லரின் மகன். 1484-இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்து வெள்ளிமுனைக் கோலால் அவர் வரைந்த தன் உருவம் இன்றைக்கும் வியன்னாவில் இருக்கிறது. பலகையைப் போலன்றி, தாளில் போட்ட வெள்ளிமுனைக் கோட்டைச் சுலபமாக அழிக்க முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

இத்தாலி வரை போக வேண்டியதும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் நிறம் வருவதற்கு முன்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். பலாப்பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுக்கான் மாவைப் பசையோடு குழைத்துப் பூசி, காயவிட்டு, வழவழப்பாகத் தேய்த்து, அதற்கப்புறம்தான் கோடு. கல் பதிப்பதும் புடைப்பு வேலையும் பொன் தகடும் முடிந்துதான் வண்ணம். சுவாமிமலை ஸ்தபதிகள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று பங்கு குறித்துக்கொள்வார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். சிற்ப நூல்களில் பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாளம் என்ற அளவுமுறைக்கு, சிலையின் உயரத்தை 124 அங்குலம் என்ற பங்குகளாகப் பிரிக்கும் கணக்குத் தனியாக இருக்கிறது. ஆனால் ஒடியோலையைப் பிடித்து வேலை செய்பவருக்கு ஸ்கேல் தேவையில்லை. விகிதத்தைக் கையாலேயே மடித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்டது பெரிய இழப்பு. என் வகுப்பில் பிள்ளைகள் ஒரு காகிதப் பட்டையை மடித்துப் பக்கத்தில் நிற்பவரை அளக்கிறார்கள். தலையைப் போல எத்தனை மடங்கு உடம்பு என்று கண்டுபிடித்ததும் முகத்தில் வரும் ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும். தன் உடம்பில் அவர்கள் நினைத்ததைவிடத் தலை எவ்வளவு சின்னது!

கோடுதான் முதல் என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் ஓவியத்தைப் பற்றிய பகுதியான சித்திரசூத்திரம், ஆசிரியர்கள் கோட்டைப் புகழ்வார்கள், தேர்ந்தவர்கள் நிழலிடுவதைப் புகழ்வார்கள், மற்ற ஜனங்கள் நிறச் செழிப்பைத்தான் விரும்புவார்கள் என்கிறது. வண்ணம் ஏற்றாமல் கோட்டோடு நிற்கும் படத்துக்குத் தமிழில் ஒரு சொல்லே இருந்தது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து அணியில்லாமல் இருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறார் புலவர். அதைக் கேட்டவர்களுக்கு அப்படியொரு படம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தானே உவமை நிற்கும்?

சரி, இந்த முறை சென்னைக்கு ஏன் தொடர்ந்து வரவில்லை? ஒரு வகையில் வந்தது, அதுவும் வடசென்னைக்கே வந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தன் முயற்சியில் பிராட்வேயில் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று எழும்பூர்ப் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியர். இன்னும் பின்னால் போனால், வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதிக்கான துணியைத் துவைத்து வெளுத்தவர்களால் வந்தது. திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். காலெட்பேட்டை என்பதுதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. துணியும் சாயமும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

ஆனால் ஆங்கிலேயர் காலப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த ஓவியப் பாடம் லண்டன் சவுத் கென்சிங்டனில் 1850-களில் வகுத்த திட்டத்தின் சாயல். மொத்தம் 23 படிநிலைகள். தட்டையான படத்தைப் பார்த்துக் கோடு, அப்புறம் உருண்டைப் பொருளைப் பார்த்துக் கோடு, அப்புறம் நிழல் என்று போகும். நம் ஊர் ஓவிய ஆசிரியர்கள் எழுதும் லோயர், ஹையர் என்ற அரசுத் தேர்வுகளில் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்று வரும் தாள்களின் பெயரில் அந்தச் சாயல் இன்னும் இருக்கிறது. வரிசை வந்தது. அரைப்பதும் காய்ச்சுவதும் வரவில்லை. மூத்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து சின்னவன் பார்ப்பதும் வரவில்லை. எல்லோரும் ஒரே வயது, ஒரே பெஞ்சு, நாற்பது நிமிடம், பெல் அடித்தால் கணக்கு. அதுவும் பரீட்சை நெருங்கினால் அந்த நாற்பது நிமிடமும் கணக்குக்கே போய்விடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு குரலும் உண்டு. 1897-இல் வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிசெக் என்ற ஓவிய ஆசிரியர் பிள்ளைகளுக்கென்று வகுப்பு தொடங்கி, அவர்களைத் திருத்தாதீர்கள், அவர்கள் வரைவதே ஒரு தனிக் கலை என்றார். அந்தக் குரலை நான் மதிக்கிறேன். ஏழு, எட்டு வயது வரை அதுதான் சரி. அந்த வயதுப் பிள்ளை அம்மாவை வீட்டைவிடப் பெரிதாகப் போட்டால் விட்டுவிடுங்கள், அதற்கு அம்மா அவ்வளவு பெரியவள். சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. கலைக் கல்வி ஆய்வாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் பிள்ளைகள் வரைவதை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியபோது, ஒன்பது வயதை ஒட்டித் தொடங்குவதைத் தனிக் கட்டமாக வைத்தார். அந்த வயதில் பிள்ளைக்குத் தன் படம் நிஜம் போல இல்லை என்பது முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. கண் வளர்ந்துவிட்டது, கை வளரவில்லை. அப்போது போய், "உன் மனசுக்குத் தோணினதைப் போடு" என்றால், அது சுதந்திரம் கொடுத்ததாகாது, கைவிட்டதாகும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வழி.

பெற்றோரிடம் இதை விளக்க எனக்குக் குத்துச்சண்டை உதவுகிறது. வடசென்னையில் குத்துச்சண்டைக்கு ஒரு பையனைச் சேர்த்தால் முதல் நாளே வாத்தியார் அவனை ரிங்கில் ஏற்றிவிட மாட்டார். கயிறு தாண்டணும், காலை எப்படி வைக்கணும், எடையை எந்தக் காலில் போடணும் என்று வாரக்கணக்கில் போகும். ஒரு அப்பாவும் போய், "எப்ப சார் சண்டை போடுவான்?" என்று கேட்பதில்லை. ஆனால் ஓவிய வகுப்பில் மூன்றாவது வாரமே கேட்கிறார்கள், "கலர் எப்ப சார்?" காலை வைக்கத் தெரியாமல் குத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்தான் அவர்கள். அதையே கோட்டுக்கும் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

இனி வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஐரோப்பியப் பட்டறைகளில் கனசதுரமும் உருளையும் பிளாஸ்டரில் வார்த்து வைப்பார்கள். எங்களுக்குக் கன்டெய்னர் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போக வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரிகள் இந்தப் பகுதிப் பிள்ளைக்குத் தினசரிக் காட்சி. 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். இதைவிடச் சுத்தமான பெட்டி எங்கே கிடைக்கும்? பாதுகாப்பான தூரத்தில் தெருவில் நின்று பார்க்கும்போது, லாரிமேல் இருக்கும் கன்டெய்னரின் அடிவிளிம்பு பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட நேராக வரும். அதனால் அடிக்கோடு படுத்தாற்போல ஓடும், மேல்கோடு தூரம் போகப் போகச் சரிந்து இறங்கும். அதே கன்டெய்னரை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு கோடும் மேல்நோக்கி ஏறும். ஒரே பெட்டி, இடம் மாறினால் கோடு மாறுகிறது. கண்மட்டம் என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோது தலையாட்டிய பிள்ளைகள், படியேறி இறங்கிய பிறகுதான் உண்மையாகப் புரிந்துகொண்டார்கள்.

அடுத்தது குடம். தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைக்கும் குடம்தான். நிமிர்ந்த கோடுகளுக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்வோம். கொத்து வேலைக்குப் போகும் அப்பாக்களின் பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பென்சிலை நீட்டிப் பிடித்து, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி அளப்போம். பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. குடத்தின் வாயை இரண்டு பக்கமும் கூர்மையாக, மீன் போலப் போடுவார்கள். அடிப்பக்கத்தை நேர்கோடாகப் போடுவார்கள், ஏனென்றால் குடம் தரையில் நிற்கிறது, தரை தட்டை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள், பார்த்ததை இல்லை. ஒரு வளையலை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடிக்கச் சொல்வேன். கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்கச் சொல்வேன். இறங்க இறங்க வட்டம் திறக்கும். அப்படியென்றால் குடத்தின் வாயைவிடக் கீழே இருக்கும் அடிப்பக்கம் இன்னும் வளைவாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு பெண் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு வளையலை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். அப்புறம் தன் படத்தை எதுவும் பேசாமல் திருப்பி வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். மார்கழியில் தினமும் வாசலில் கோலம் போடும் கை அவளுடையது. புள்ளிகளைச் சுற்றி விரல் நடுங்காமல் வளைக்கத் தெரிந்த கைக்கு நீள்வட்டம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கோலம் போடும் பெண் பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் முந்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நிழலுக்கு முட்டை. ஜன்னலை மூடி, ஒரே ஒரு பல்பு. வெளிச்சம் படும் இடம், அதிலிருந்து மங்கும் இடம், கறுத்த பட்டை, அதற்குக் கீழே தாளிலிருந்து திரும்பி வரும் லேசான வெளிச்சம், தரையில் விழும் நிழல். அந்தத் திரும்பி வரும் வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கும் நாள்தான் இந்த வகுப்பில் எனக்குப் பிடித்த நாள்.

இதற்கு வேண்டிய கரியை நாங்களே சுடுகிறோம். துணியில் கையால் படம் வரையும் காளஹஸ்தி கலம்காரி வேலைக்காரர்கள் புளியங்குச்சிக் கரியால்தான் முதல் கோடு போடுவார்கள். விரலளவு குச்சிகளைப் பட்டை உரித்து, மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஓர் ஊசித்துளை போட்டு, நெருப்பில் வைக்க வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். துளை வழியே புகை வரும். புகை நின்றதும் எடுத்து, ஆறும் வரை திறக்கக் கூடாது. உள்ளே காற்று இல்லாததால் குச்சி சாம்பலாகாமல் கரியாக நிற்கிறது. அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரியெல்லாம் கனன்றுவிடும். சென்னினியும் மூடிய பானையில் வில்லோ மரக் குச்சியை இப்படித்தான் சுடச் சொல்கிறார். தப்பான கரிக்கோட்டைக் கோழி இறகால் தட்டிவிடச் சொல்கிறார். எங்களுக்குப் பழைய காட்டன் துணி.

ஓராண்டு முடிந்ததும் நிறம். நாலே நிறம், நாட்டு மருந்துக் கடையிலும் அடுப்படியிலும் கிடைப்பது. சிவப்புக்குப் பூங்காவி, மஞ்சளுக்குக் கோபிசந்தனம், வெள்ளைக்குச் சீமைச் சுண்ணாம்பு, கறுப்புக்கு அகல்விளக்குப் புகைக்கரி. கருவேலம் பிசினை இரவே ஊறவைத்து வடிகட்டி, கல்வத்தில் நிறத்தோடு சேர்த்து அரைக்க வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்ததும் விரலில் ஒட்டிக்கொண்டு வரும், கூடினால் வெடிக்கும். பச்சையும் நீலமும் இல்லையே என்று முதலில் வருத்தப்படுவார்கள். அப்புறம் புகைக்கரியையும் சீமைச் சுண்ணாம்பையும் கலந்த சாம்பல் நிறம், காவிக்குப் பக்கத்தில் வைத்தால் நீலம் போலத் தெரிவதைப் பார்ப்பார்கள். பொடி பறக்காமல் ஈரத்தோடு அரைப்பதும் கை கழுவுவதும் கட்டாயம். பழைய பட்டறைகளின் சாதிலிங்கத்தில் பாதரசம் இருக்கிறது, அரிதாரத்தில் ஆர்சனிக் இருக்கிறது, ஈயவெள்ளையும் செந்தூரமும் ஈயம். இவை பிள்ளைகள் இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது.

விஷம் நிறத்தில் மட்டும் இருக்கவில்லை. பட்டறைகள் பலவும் குலத்துக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் மூடியே இருந்தன. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கதவு திறக்கவில்லை. சின்னப் பையன்களின் உழைப்பைக் கூலியில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். தொழிலை ஒளித்தும் வைத்தார்கள். ராஜா ரவி வர்மா இளைஞராக இருந்தபோது அரண்மனை ஓவியர் எண்ணெய் வண்ண வேலையைச் சொல்லித்தர மறுத்ததாகவும், அவரிடம் இருந்த ஆறுமுகம் பிள்ளை என்ற சீடர்தான் தெரியாமல் வந்து உதவியதாகவும் ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஆறுமுகம் பிள்ளை செய்ததுதான் ஆசிரியர் வேலை என்று நான் நம்புகிறேன். பட்டறையிலிருந்து நமக்கு வேண்டியது வரிசையும், பொருளைக் கையால் அறிவதும், பெரியவர் பக்கத்தில் சின்னவர் உட்காருவதும். ஒளிப்பதும் அடிப்பதும் வேண்டாம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதும் வேண்டாம்.

பெரியவர் பக்கத்தில் சின்னவர் உட்காரும் இடங்கள் இந்தப் பக்கத்தில் குறைந்துகொண்டே போகின்றன. சினிமா பேனரும் கட்சிச் சுவர் எழுத்தும் பெரிய பட்டறைகளாக இருந்தன. சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபதடி உயரத்துக்குப் பெரிதாக்கி, பையன்கள் பின்னணியை அடிக்க, முகத்துக்கு மாஸ்டர் வருவார். ஃப்ளெக்ஸ் வந்து அதை முடித்துவிட்டது. கொசப்பேட்டையில் விநாயகர் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் முன்னால் இன்னும் வீட்டுத் திண்ணைகளில் களிமண்ணும் காகிதக் கூழுமாக வேலை நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவேன். வெள்ளை அடிப்பவர், சிவப்பு அடிப்பவர், நகைக்குப் பொன் நிறம் வைப்பவர் என்று பொம்மை கைமாறிப் போவதை நின்று பார்ப்பார்கள். கண் கடைசியில்தான். மெல்லிய பிரஷ், இரண்டு வளைவு, ஒரு புள்ளி.

போன முறை திரும்பி வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சுவரளவு தாளில் காசிமேட்டுப் படகுகள். எட்டு வயதுக்காரர்கள் பூங்காவியை அரைத்தார்கள், பத்து வயதுக்காரர்கள் கட்டம் போட்டார்கள், கடலையும் வானத்தையும் பதினோரு வயதுக்காரர்கள் நிரப்பினார்கள். படகின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரை யார் எழுதுவது என்பதில் மட்டும் சண்டை வந்தது. கடைசியில், கோடு யாருக்கு நடுங்காது என்று சிலேட்டில் எழுதிப் பார்த்து அவர்களே முடிவு செய்தார்கள்.